அத்தியாயம் 7: அச்சங்குளத்திலிருந்து எம்.பி.பி.எஸ். – விண்ணப்பம், சான்றிதழ், கலந்தாய்வு

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறந்த பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். அச்சங்குளத்துப் பிள்ளைக்கு சாத்தூர் போய் பஸ் மாறினால் எட்டிவிடும் தூரம். ஆனால் அங்கே போய் விண்ணப்பம் வாங்க முடியாது. டீனைப் பார்த்தும் பயனில்லை. தேசியத் தேர்வு முகமை நடத்தும் நீட், சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவச் சேர்க்கைக் குழு, டெல்லியில் இருக்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு என்ற மூன்று இடங்களில்தான் உங்கள் வேலை. மூன்றுக்கும் விண்ணப்பம் இணையத்தில்தான். மூன்றுக்கும் தனித்தனி தேதி, தனித்தனி படிவம்.

எப்படிப் படித்து மதிப்பெண் வாங்குவது என்பது வேறு அத்தியாயம். இங்கே பேசுவது, வாங்கிய மதிப்பெண்ணைக் காகிதத்தில் கோட்டை விடாமல் இருப்பது எப்படி என்று. பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) வேலைக்குப் போகிற வீடுகளில் இதுதான் பெரிய பள்ளம். பெற்றோருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடக்க ஆள் இருக்காது. அதனால் வேலையை ஆண்டுக்கணக்கில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எட்டாம் வகுப்பிலேயே பள்ளியைக் கவனியுங்கள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அந்த ஆண்டே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒதுங்கின. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், அது தனியார் கல்லூரியாக இருந்தாலும், கட்டணத்தை அரசே ஏற்கிறது.

நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது.

இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். நம் மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளிகள் அதிகம். பலவும் நூறாண்டுப் பேர் சொல்லும் நல்ல பள்ளிகள். ஊரில் நடுநிலைப்பள்ளியை முடித்ததும், “அங்கே போனால் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள்” என்று ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றிலோ பிள்ளையை அங்கே மாற்றுகிறார்கள். அங்கேயும் சம்பளம் வாங்காததால் அதுவும் “கவர்மென்ட் ஸ்கூல்” என்றே வீட்டில் நினைப்பார்கள். ப்ளஸ் டூ முடித்து விண்ணப்பம் போடும்போதுதான் தெரியவரும். அதற்குப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. உதவிபெறும் பள்ளியில் படித்தாலும் மருத்துவம் சேரலாம், பொதுப் போட்டியில் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தெரிந்து மாறுவது வேறு, தெரியாமல் மாறுவது வேறு.

செய்ய வேண்டியவை:

1. இப்போது படிக்கும் பள்ளி அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம்.
2. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்த பிள்ளை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் இந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அந்த இடத்தில் சேர்ந்ததற்கான ஆணையைப் பத்திரமாக வையுங்கள்.
3. பதினொன்றில் உயிரியல் உள்ள பிரிவையே எடுங்கள்: கணிதம்–உயிரியல், அல்லது தாவரவியல்–விலங்கியல் உள்ள தூய அறிவியல். பக்கத்துப் பள்ளியில் கணினி அறிவியல் பிரிவுதான் இருக்கிறது என்றால், கொஞ்சம் தூரமானாலும் வேறு அரசு மேல்நிலைப்பள்ளியைத் தேடுங்கள்.

படி 2: பெயரையும் இனிஷியலையும் ஒன்றாக்குங்கள்

பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், சாதிச் சான்றில் அப்பா பெயரே முழுதாக, வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து குறைவாக என்று ஒரே பிள்ளைக்கு நாலு பெயர் இருப்பது இங்கே சாதாரணம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது பள்ளியில் சரிபார்க்கச் சொல்வார்கள். அந்தத் தாளில் பெற்றோர் கையெழுத்துப் போடும் முன் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் மூன்றையும் பிள்ளை உரக்கப் படித்துக் காட்டட்டும். அங்கே விட்டால் பிறகு திருத்துவது மாதக்கணக்கான அலைச்சல்.

ஆதாரில் உங்கள் வீட்டுச் செல்பேசி எண் இணைந்திருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள்.

படி 3: சான்றிதழ்க் கோப்பு

ப்ளஸ் ஒன் கோடை விடுமுறையில் இதைத் தொடங்குங்கள். எல்லாச் சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று மேலே நகரும்.

1. சாதிச் சான்று. பழைய அட்டை இருந்தாலும், இணையத்தில் சரிபார்க்கக்கூடிய புதிய சான்று கையில் இருப்பது நல்லது.
2. ஓ.பி.சி. சான்று. பி.சி., எம்.பி.சி. வகுப்பினர் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக வேண்டுமானால் மத்திய அரசுப் படிவத்தில் இந்தச் சான்று தனியாக வேண்டும். தமிழ்நாட்டுச் சாதிச் சான்று அங்கே செல்லாது. இது நிதியாண்டைப் பார்த்துக் கேட்கப்படுவதால், சேரும் ஆண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு புதிதாக வாங்குங்கள்.
3. முதல் பட்டதாரிச் சான்று. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கிடைக்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் முடித்திருந்தால் கிடையாது. 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்காமல் பொது இடத்தில் கிடைத்தால் கல்விக் கட்டணச் சலுகைக்கு இது உதவும்.
4. வருமானச் சான்று. உதவித்தொகைக்கு. காலாவதியாகும் சான்று என்பதால் சேர்க்கை நேரத்தில் செல்லுபடியாக இருக்கும்படி வாங்குங்கள்.
5. படிப்புச் சான்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்த ஆண்டு எந்தெந்தப் பள்ளி என்று, படித்த ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமும் வாங்க வேண்டும். சேர்க்கைக் குழு தரும் படிவத்தில்தான் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் ஊரில் இருக்கமாட்டார். பள்ளி நடக்கும்போதே சொல்லி வையுங்கள்.
6. இருப்பிடச் சான்று. இடையில் வேலை தேடி வெளிமாநிலம் போய்ப் பிள்ளை சில வகுப்புகளை அங்கே படித்திருந்தால் கட்டாயம் தேவைப்படும்.

*குறிப்பு:* தாலுகாக்கள் பிரிந்து மாறியிருக்கின்றன. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை – உங்கள் வீடு இப்போது எதில் இருக்கிறது என்று ரேஷன் கார்டில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். தவறான தாலுகாவைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் அப்படியே திரும்பும்.

*அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைகளுக்கு:* 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சுற்றுவட்டாரத்தில் விபத்துகள் நடந்தபடிதான் இருக்கின்றன. அப்படி இழந்த வீட்டுப் பிள்ளைகள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் கோப்பில் முதலில் வையுங்கள். வருமானச் சான்றை இப்போது வளர்ப்பவர் பெயரில் வாங்குங்கள். சாதிச் சான்றில் இறந்தவர் பெயர் இருப்பது பிழையல்ல. அதை மாற்றப் போக வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? சம்பளச் சீட்டைப் பாருங்கள்

சிவகாசி அச்சகத்திலோ ஆலையிலோ வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இன்னொரு கதவும் உண்டு. ஈ.எஸ்.ஐ. கழகம் நாடு முழுக்க நடத்தும் மருத்துவக் கல்லூரிகளில், காப்பீடு செய்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே தனி இடங்கள் இருக்கின்றன. சென்னை கே.கே. நகர்க் கல்லூரியிலும் உண்டு. கழகத்தின் இணையதளத்தில் தொழிலாளியின் கணக்கு வழியாக “காப்பீட்டாளரின் பிள்ளை” என்ற சான்றை எடுத்து, டெல்லிக் கலந்தாய்வில் அந்த ஒதுக்கீட்டைக் குறிக்க வேண்டும். எத்தனை காலம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதற்கு நிபந்தனை இருக்கிறது, அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். சம்பளத்தில் மாதாமாதம் போகிற காசு, கேட்க உரிமை இருக்கிறது.

படி 4: நீட் விண்ணப்பம்

அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி–மார்ச்சில் விண்ணப்பம், மே முதல் ஞாயிறன்று தேர்வு என்று நடந்து வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700, ஓ.பி.சி.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1,000 ரூபாய். கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும்.

1. பிரவுசிங் சென்டருக்குப் போகும் முன் மின்னஞ்சல் ஒன்றை உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள். கடைக்காரர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுக் கொடுப்பது வழக்கம், உதவியாகத்தான் செய்வார். ஆனால் கலந்தாய்வு நாளில் ஓ.டி.பி. அவருடைய போனுக்குப் போகும், அன்று அவர் கடை பூட்டியிருக்கும். திருத்தத்துக்குத் தரும் நாட்களில்கூட செல்பேசி எண்ணை மாற்ற விடுவதில்லை.
2. கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.
3. புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், முகம் தெளிவாக. பாஸ்போர்ட் அளவில் பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்கள். அஞ்சலட்டை அளவிலும் கேட்பார்கள். சேர்ந்து முடிக்கும் வரை அதே படம் வேண்டும்.
4. பிரிவு என்ற இடத்தில் “பொது” என்று அவசரத்தில் அழுத்தாதீர்கள். தகுதி மதிப்பெண், கட்டணம் இரண்டும் அதைப் பொறுத்தவை.
5. மொழி: தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் வரும். தமிழ்வழி படித்தவர்கள் தயங்காமல் தமிழையே தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது விதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே தமிழில் கேள்வி குழப்பினால் உடனே எதிரே இருக்கும் ஆங்கிலத்தைப் பாருங்கள். அறிவியல் சொற்களை இரண்டு மொழியிலும் படித்து வைப்பது அதற்குத்தான்.
6. தேர்வு நகரமாக விருதுநகரை முதலில் குறியுங்கள், பிறகு மதுரை, திருநெல்வேலி.
7. கட்டணம் கட்டிய பின் வரும் உறுதிப்பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பணம் போனது, பக்கம் வரவில்லை என்றால் அன்றே மீண்டும் உள்ளே நுழைந்து பாருங்கள்.

படி 5: தேர்வு நாள்

180 கேள்விகள், 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழியும். பிற்பகல் 2 மணித் தேர்வுக்கு 1.30க்கு வாசல் மூடப்படும். ஓடி வந்தவர்கள் வெளியே நின்று அழுவதை ஆண்டுதோறும் செய்தியில் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதை மறக்க வேண்டாம். காலையிலேயே கிளம்புங்கள், முடிந்தால் முதல் நாளே தேர்வு மையத்தைப் பார்த்துவிடுங்கள்.

அரைக்கை உடை, செருப்பு. ஷூ, கம்மல், மூக்குத்தி, கயிறு எதுவும் வேண்டாம். பேனாவை அவர்களே தருவார்கள். படம் ஒட்டிய நுழைவுச்சீட்டு, தனியாக ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம், ஆதார் அசல் – இவற்றை மறக்க வேண்டாம்.

காத்திருக்கும் மாதங்களில்: பாதுகாப்பு

மே முதல் வாரத்தில் தேர்வு முடியும், முடிவு வர ஜூன் ஆகும். அந்த இடைவெளியில் பட்டாசு வேலைக்குப் போய் நாலு காசு சேர்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். பதினெட்டு நிறையாதவர்களை வெடிபொருள் வேலையில் அமர்த்துவது 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம். அனுமதியில்லாத ஷெட்டுகளும் வீடுகளும்தான் இப்படிப் பிள்ளைகளைக் கூப்பிடும். விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர்கூட இருக்காது. வீட்டிலேயே மருந்து வைத்து வேலை நடந்தால், படிப்பு மேசையை இன்னொரு வீட்டுக்கு மாற்றுங்கள்.

அடுத்து மனசு. மதிப்பெண் குறைந்தால் பிள்ளையை அக்கம்பக்கத்தார் கேள்வியிலிருந்து காப்பது பெற்றோரின் வேலை. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு குறைந்துவிட்டது என்றால் “சும்மா இருக்கிறான்” என்று விடாதீர்கள். 104, 14416 என்ற இரண்டு உதவி எண்களிலும் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. முடிவு வரும் இரவில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

மூன்றாவது, ஏஜென்ட்டுகள். “சீட் வாங்கித் தருகிறோம்” என்று சொல்லும் யாருக்கும் ஒரு ரூபாயும் தராதீர்கள். 2019இல் தேனி மருத்துவக் கல்லூரியில் நீட் ஆள்மாறாட்டம் வெளியே வந்தபோது மாணவரும் பெற்றோரும் சேர்ந்தே கைதானார்கள். வெளிநாட்டுக் கல்லூரி என்று வருபவர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்லிப் பாருங்கள்: அதற்கும் நீட்டில் தகுதி பெற வேண்டும், திரும்பி வந்து இங்கே ஒரு தகுதித் தேர்வும் எழுத வேண்டும். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

படி 6: இரண்டு கலந்தாய்வுகள், இரண்டு விண்ணப்பங்கள்

நீட் எழுதினால் தானாக அழைப்பு வரும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வராது. முடிவு வந்த பிறகு தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

*தமிழ்நாட்டு ஒதுக்கீடு:* அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள். 69 சதவீத இட ஒதுக்கீடு இங்கே பொருந்தும். 7.5 சதவீதத்துக்கான இடம் இதில் மட்டும்தான். படிவத்தில் அதற்கான கேள்விக்கு “ஆம்” என்று குறித்து, படி 3இல் சொன்ன படிப்புச் சான்றை ஏற்றுங்கள். சான்று மங்கலாக இருந்தால் நிராகரிப்பார்கள். செல்பேசியில் எடுத்த படத்தை விட ஸ்கேன் நல்லது.

*அகில இந்திய ஒதுக்கீடு:* நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், ஈ.எஸ்.ஐ. கல்லூரிகளில் காப்பீட்டாளர் பிள்ளைகளுக்கான இடங்கள். மதுரை எய்ம்ஸும் இதில்தான். 2022இல் அதன் முதல் வகுப்பு ராமநாதபுரத்தில் தொடங்கியது. பதிவுக் கட்டணத்தோடு திருப்பித் தரும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டும்: பொதுப் பிரிவுக்கு 10,000, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 5,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைத் தெரியாமல் தேர்ந்தெடுத்தால் முன்வைப்பே 2 லட்சம். அந்தக் கட்டத்தைத் தொட வேண்டாம். முதல் சுற்றில் கிடைத்த இடத்தை விட்டு விலகலாம். இரண்டாம் சுற்றில் கிடைத்து சேராவிட்டால் முன்வைப்பு போகும்.

படி 7: கல்லூரிகளை வரிசைப்படுத்துவது

1. தரவரிசைப் பட்டியலில் மூன்று எண்களைக் குறியுங்கள்: பொதுத் தரவரிசை, உங்கள் வகுப்புத் தரவரிசை, 7.5 பட்டியலில் உங்கள் இடம். சென்ற ஆண்டு 7.5 பட்டியலில் உங்கள் வகுப்பில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். பொதுப் பட்டியலோடு ஒப்பிட்டு மனம் உடைந்தவர்கள் உண்டு.
2. உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். “கிடைக்காது” என்று மதுரையை விட்டுவிட்டு விருதுநகரை முதலில் எழுதுவதில் எந்த லாபமும் இல்லை. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்குத்தான் போகும்.
3. என் யோசனை: 1954இல் தொடங்கிய மதுரை, 1965இல் தொடங்கிய திருநெல்வேலி இரண்டும் நோயாளிகள் கூட்டத்தில் பெரியவை, பார்த்துக் கற்க வாய்ப்பு அதிகம். அதன் பிறகு தூத்துக்குடி, தேனி, விருதுநகர். வீட்டுக்குக் கிட்ட என்பதை முதல் காரணமாக வைக்காதீர்கள், விடுதி எங்கேயும் உண்டு.
4. பட்டியலை உறுதிசெய்து பூட்டிய பின் அச்செடுங்கள்.

7.5 சதவீதக் கலந்தாய்வு அண்மை ஆண்டுகளில் சென்னையில் நேரில் நடந்திருக்கிறது. அழைப்பு வந்து இரண்டு மூன்று நாளில் போக வேண்டியிருக்கும், ரயிலில் தட்கல்கூட சந்தேகம். சிவகாசி வழியாகப் போகும் பொதிகை, சாத்தூர் வழியாகப் போகும் முத்துநகர் இரண்டையும் பாருங்கள். இல்லாவிட்டால் மதுரை போய் பஸ். ஆடிக் கடைசி வெள்ளியை ஒட்டி அழைப்பு வந்தால் இருக்கன்குடித் திருவிழாக் கூட்டத்தில் சாத்தூர் பஸ் எல்லாம் நிரம்பி வழியும், அரை நாள் முன்னதாகக் கிளம்புங்கள். அசல் சான்றுகள் ஒரு உறையில், மூன்று செட் நகல்கள் இன்னொரு உறையில். கூடப் போகிறவர் பெற்றோராக இருந்தால் நல்லது; கையெழுத்து கேட்பார்கள்.

படி 8: ஒதுக்கீட்டு ஆணை கிடைத்த பின்

1. ஆணையில் உள்ள கடைசித் தேதி, நேரம் இரண்டையும் பாருங்கள். அதைத் தாண்டினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.
2. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா? ஏற்கெனவே செவிலியர் படிப்பிலோ பொறியியலிலோ சேர்ந்திருந்தால் அசல்கள் அங்கே இருக்கும். அழைப்பு வரும் முன்பே திரும்ப வாங்கும் வழியைக் கேட்டு வையுங்கள்.
3. தனியார் கல்லூரி கிடைத்து அங்கே “முதலில் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருவோம்” என்றால், 7.5 சதவீத ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டுங்கள். கேட்காவிட்டால் சேர்க்கைக் குழுவுக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு அலைய வேண்டாம்.
4. இடையில் படிப்பை விட்டால் கட்ட வேண்டிய தொகைக்கு உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தருவீர்கள். தொகையைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.
5. கல்லூரியில் கொடுத்த அசல் ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடியும் வரை அவை உங்கள் கைக்குத் திரும்பாமல் போகலாம்.